வெள்ளம் வடிந்தது, மீன் யாருக்கு?

ஆற்றில் வெள்ளம் வந்தால் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. மந்திரிகள் ஆகாயத்தில் பறந்து பார்வையிடுகிறார்கள். சோற்றுப் பொட்டலம் விழுகிறது, படம் வெளியாகிறது. பத்து நாள் கழித்து, "வெள்ளம் வடிந்தது, நிலைமை சீரடைந்தது" என்று இரண்டே வரி. கதை முடிந்தது என்று பட்டணத்துக் கனவான்கள் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

கிராமத்து ஏழைக்கோ அன்றுதான் கதை ஆரம்பமாகிறது. வடிந்துபோகும் வெள்ளம் சேற்றையும் காய்ச்சலையும் கடனையும் மட்டும் விட்டுப் போவதில்லை. இன்னொன்றையும் விட்டுப் போகிறது. அதுதான் மீன்! பள்ளத்திலும் குட்டையிலும், ஆறு கைவிட்ட பழைய தடத்திலும், வரப்போரத்துக் குழியிலும் லட்சோப லட்சமாகத் தங்கிவிடும் மீன். அந்த மீன் யாருடைய சட்டிக்குப் போகிறது? யாருடைய பணப்பெட்டிக்குப் போகிறது?

"மீன் பிடிப்பதிலும் வர்க்கப் பிரச்னையா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். திருப்பூரிலும் கோவையிலும் உங்களுக்குப் பக்கத்து மிஷினில் நிற்கும் பீகார் தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கங்கைக் கரையிலும் கோசிக் கரையிலும் பிறந்தவர்கள் ஆயிரக்கணக்கான மைல் ரயிலேறி இங்கே ஏன் வந்தார்கள்? நிலமில்லை, கூலியில்லை, வெள்ளம் அடித்துப்போயிற்று என்று சொல்வார்கள். எல்லாம் உண்மை. வெள்ளம் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தக் கதையின் இன்னொரு பாதி. அந்தப் பாதியைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

ஆறு போடும் சோறு

மீன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கங்கையிலும் அதன் உபநதிகளிலும் ரோகு, கட்லா, மிர்கால் என்ற பெரிய கெண்டை வகைகள் வாழ்கின்றன. ஆனி, ஆடியில் மழை பிடித்து ஆறு கரைபுரளும்போது இவை இனப்பெருக்கம் செய்கின்றன. புதுவெள்ளம் பரவிய ஆழமில்லாத இடங்களில் முட்டையிடுகின்றன. ஒரு பெரிய ரோகு மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். சுமார் ஒரு நாளுக்குள் குஞ்சு பொரித்துவிடும். அந்தக் குஞ்சு ஆற்றின் நடுநீரோட்டத்தில் பிழைக்குமா? பிழைக்காது. முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும் வயலும் புல்வெளியும் தாழ்ந்த நிலமும்தான் அதற்குத் தொட்டில். அங்கே வெயில் படுகிறது, பாசி பிடிக்கிறது, முங்கிய புல் மக்குகிறது, பூச்சியும் புழுவும் பெருகுகின்றன. மூன்று மாதத்தில் குஞ்சு தின்று கொழுக்கிறது.

1989-ல் ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்தார்கள். இப்படிப்பட்ட ஆறுகளின் வளத்துக்கு மூலகாரணம் வருஷா வருஷம் வெள்ளம் ஏறுவதும் இறங்குவதுமான துடிப்புத்தான் என்று சொன்னார்கள். கங்கைக் கரையின் மல்லாக்களுக்கு, அதாவது படகும் வலையுமே பிழைப்பாகக் கொண்ட ஜனங்களுக்கு, இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளம் நன்றாகப் பரவிய வருஷம் மீனும் நன்றாக இருக்கும்.

புரட்டாசி கடந்து ஐப்பசி வரும்போது தண்ணீர் இறங்குகிறது. மீன்கள் ஓடை வழியாகவும் கால்வாய் வழியாகவும் ஆற்றுக்குத் திரும்பப் பார்க்கின்றன. முந்திக்கொண்டவை போய்ச் சேருகின்றன. பிந்தியவை அகப்பட்டுக்கொள்கின்றன. ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மேடு தெரிந்துவிட்டால் வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். பீகாரில் இந்தப் பள்ளங்களுக்கு ‘சௌர்’ என்று பெயர். ஆறு திசை மாறியபோது விட்டுப்போன குதிரை லாட வடிவ ஏரிக்கு ‘மௌன்’ என்று பெயர். அந்த மாகாணத்தில் இப்படி நீர் தேங்கும் தாழ்நிலம் மட்டும் சுமார் 9 லட்சம் ஹெக்டேர் என்று சர்க்கார் கணக்கே சொல்கிறது.

அகப்பட்ட மீனின் கதி என்ன? நாளுக்கு நாள் குட்டை சுருங்குகிறது. தண்ணீர் சூடாகிறது, சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. மக்கும் புல்லும் இலையும் இருக்கிற கொஞ்ச வாயுவையும் தின்றுவிடுகின்றன. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருக்கும். கொக்கும் நாரையும் கரையில் பந்தி வைத்திருக்கும். கெண்டைகள் முதலில் சாகும். விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றையே சுவாசிக்க வல்லவை; அவை சேற்றில் கிடந்தும் சில காலம் உயிர் பிடித்துக்கொள்ளும். கோடையில் குட்டை வற்றி நிலம் வெடித்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு முடிவுதான்.

ஆகவே, ஐப்பசி முதல் மாசி வரை அந்தக் குட்டைகளில் கிடப்பது ஆறு தானே சமைத்துப் போட்ட சோறு. யாரும் விதைக்கவில்லை. யாரும் தீனி போடவில்லை. எந்த முதலாளியும் ஒரு காசு முதல் போடவில்லை. எடுத்துச் சாப்பிட்டால் சாப்பாடு, விட்டுவிட்டால் நாற்றம். வெள்ளத்தில் குடிசையையும் பயிரையும் ஆட்டுக்குட்டியையும் பறிகொடுத்த கூலிக்காரன் அந்தச் சேற்றில் கூடையோடு இறங்குகிறான். இதைவிட நியாயமான காரியம் உலகத்தில் உண்டா?

ஆனால் அங்கேதான் தடியோடு ஒருவன் நிற்கிறான். "இது குத்தகை எடுத்த தண்ணீர், ஏறு வெளியே!" என்கிறான்.

மீன் சொத்தாகும் நேரம்

வெள்ளம் வடியும்போது மீனுக்கு நேருகிற பெரிய ஆபத்து வெயிலால் வருவதில்லை; கொக்கால் வருவதுமில்லை. அந்த நேரத்தில்தான் மீன் ஒருவனுடைய சொத்தாக மாறுகிறது! எப்படி என்று பாருங்கள்.

ஓடும் ஆற்றில் நினைத்த திசையில் போகும் மீன் காட்டு மிருகம் போன்றது. அது யாருடைய கைவசமும் இல்லை. கைவசம் இல்லாததைத் திருட முடியாது. ஆகவே திறந்த நீரில் மீன் பிடிப்பது திருட்டாகாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1880-களில், கல்கத்தா ஹைகோர்ட் தீர்ப்புக் கூறியது. ஆனால் நான்கு பக்கமும் அடைபட்ட குளத்து மீன் குளத்துக்காரன் கைவசம் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. அதைப் பிடித்தால் திருட்டு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆவணி மாதத்தில் கூலிக்காரன் குடிசைக்குள் இடுப்பளவு வெள்ளம் நிற்கிறது. அதில் நீந்தும் மீன் யாருக்கும் சொந்தமில்லை. வெள்ளமும் யாருக்கும் சொந்தமில்லை. அதன் நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க எந்தப் பிரபுவும் முன்வருவதில்லை! கார்த்திகையில் தண்ணீர் வடிகிறது. ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழ அகல மேடு தலைதூக்குகிறது. அந்த மேடு தெரிந்த மறுகணமே அதே மீனுக்கு எஜமான் முளைத்துவிடுகிறான். நேற்றுவரை ‘இயற்கை’, இன்று ‘சொத்து’! நஷ்டம் ஊருக்கெல்லாம் பொது, லாபம் ஒருவனுக்கு. முதலாளித்துவ நீதி என்றால் என்ன என்று கேட்கிறவனுக்கு இந்த ஒரு முழ மேட்டைக் காட்டினால் போதும்.

ஜமீன்தார்களுக்கு இதுவும் போதவில்லை. ஆற்று மீனும் தங்களுடையதே என்று வாதாடினார்கள். 1793-ல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தில் நிலத்தோடு சேர்த்து ‘ஜல்கர்’ என்ற மீன்பிடி உரிமையையும் வாரிச் சுருட்டிக்கொண்டவர்கள் அல்லவா? திருட்டில்லை என்று கோர்ட் சொன்னதும் கூப்பாடு போட்டார்கள். 1889-ல் வங்காள சர்க்கார் ‘தனியார் மீன்பிடி உரிமைப் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒன்றை நிறைவேற்றிற்று. அன்று பீகாரும் வங்காள மாகாணத்தில் அடக்கம். தனியார் உரிமையுள்ள நீரில் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது அதன்பின் குற்றமாயிற்று. கோர்ட்டில் தோற்றதைச் சட்டசபையில் ஜெயித்தார்கள்!

தண்ணீர் ஜமீன்

சுதந்திரம் வந்தது. 1950-ல் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஜமீன்தாரி ஒழிந்தது என்று தம்பட்டம் அடித்தார்கள். மண்ணின் மேலிருந்த ஜமீன் போயிற்று. தண்ணீரின் மேலிருந்த ஜமீன் போகவில்லை!

பாகல்பூர் ஜில்லாவில், சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை, கங்கை நதியின் சுமார் 80 கிலோமீட்டர் நீளம் இரண்டு குடும்பங்களின் சொத்தாக இருந்தது. கேட்டால் நம்பமாட்டீர்கள். கங்காமாதா என்று கோடிக்கணக்கான ஜனங்கள் கும்பிடும் நதி இரண்டு வீட்டுக்குச் சொந்தம்! ‘பானிதாரி’ என்று இதற்குப் பெயர். மொகலாயர் காலத்திலிருந்து வந்த உரிமை என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில் வலை போட வேண்டுமானால் மல்லா குடும்பங்கள் பானிதாருக்கும் அவனுடைய குத்தகைதாரனுக்கும் வரி கட்ட வேண்டும். கட்டாதவனுக்கு அடி, உதை, வலை பறிமுதல். குடியரசு பிறந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் பகற்கொள்ளை நடந்தது.

1982 பிப்ரவரி 22-ந் தேதி கஹல்காவ் நகரின் காக்ஜி டோலாவில் மீனவ ஜனங்கள் கூடினார்கள். கங்கா முக்தி இயக்கம் பிறந்தது. வரி கொடுக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். படகுகளில் அணிவகுத்தார்கள். பெண்கள் முன்னணிக்கு வந்து நின்றார்கள். அடியாட்களின் தடிக்கும் போலீஸ் வழக்குக்கும் பயப்படவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல. சுமார் ஒன்பது வருஷம் போராடினார்கள். கடைசியில் பீகார் சர்க்கார் இறங்கிவந்தது. 1991-ல் பானிதாரி ஒழிந்தது. ஆறுகளில் பாரம்பரிய மீனவர்கள் வரியில்லாமல் மீன் பிடிக்கலாம் என்று உத்தரவு வந்தது.

இது சாமானிய வெற்றியா? பட்டா இல்லாத, பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஜனங்கள் இரண்டு நூற்றாண்டு பழமையான சட்டக் கோட்டையைத் தகர்த்தார்கள். ஒற்றுமைக்கு முன்னால் செப்புப் பட்டயம் நிற்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் வெற்றியில் ஒரு ஓட்டை இருந்தது. அதையும் பார்க்க வேண்டும். ஆறு விடுதலையாயிற்று, வெள்ளம் வடிந்து துண்டிக்கப்பட்ட பள்ளமும் ஏரியும் ஏலத்திலேயே நின்றன. கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் குத்தகை என்று காகிதத்தில் எழுதியிருக்கும். ஏலப் பணத்தை ரொக்கமாகக் கட்டக் கூலிக்காரனிடம் என்ன இருக்கிறது? வியாபாரி பணம் போடுகிறான். சங்கத்தின் பெயர்ப் பலகை முன்னால் தொங்குகிறது. மீன் பின்வாசல் வழியாக லாரி ஏறுகிறது. ஆற்றிலும் பானிதார் போன இடத்தில் சில பகுதிகளில் துப்பாக்கிக் கும்பல்கள் வந்து குந்திக்கொண்டன. பழைய எஜமானிடம் பட்டயம் இருந்தது. புதியவனிடம் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. உத்தரவு வாங்கினால் மட்டும் போதாது. அதைக் காவல் காக்கும் அமைப்பும் கரையில் நிற்க வேண்டும். இந்தப் பாடத்தை மறக்கக்கூடாது.

"ஏழைதான் அழிக்கிறான்" என்ற புளுகு

ஏலத்தை ஆதரிக்கும் கனவான்களிடம் ஒரு பழைய வாதம் இருக்கிறது. "ஏழை ஜனங்களை இஷ்டத்துக்கு விட்டால் குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் பிடித்து அழித்துவிடுவார்கள். ஒரு சொந்தக்காரன் இருந்தால்தான் பாதுகாப்பு" என்பார்கள்.

இந்தப் பல்லவி இன்று நேற்றுப் பாடப்பட்டதல்ல. பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்திய நன்னீர் மீன்களை ஆராய்ந்து 1873-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மீன்களைப் பற்றி அவர் சேகரித்த விஷயங்கள் அருமையானவை, மறுக்கவில்லை. அணைக்கட்டுகள் மீனின் பாதையை மறிக்கின்றன என்றும் அவர் எழுதினார். ஆனால் வயலிலும் வாய்க்காலிலும் பொறி வைத்துச் சிறு கண்ணி வலையால் குஞ்சு பிடிக்கும் கிராமத்து ஜனங்களின் மேலும் பழி போட்டார். சர்க்கார் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை? அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. வலை பிடித்த ஏழையின் மேல் மட்டும் குற்றச்சாட்டு நிலைத்தது!

கண்ணி சிறுத்த வலையால் கெடுதல் இல்லையா? உண்டு. கொசுவலையை இழுத்தால் குஞ்சும் போகும், அடுத்த வருஷ மீனும் போகும். கோடையில் கடைசியாக மிஞ்சும் ஆழமான மடுவையும் இறைத்துவிட்டால் விதை மீனே இராது. இதை மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் மடுவை இறைப்பவன் யார்? பம்பு செட்டு யாரிடம் இருக்கிறது? மூன்று வருஷக் குத்தகைக்குப் பணம் கட்டியவன் மூன்றாம் வருஷம் ஒரு மீன் முள்ளையாவது விட்டுவைப்பானா? குத்தகை முடிந்தபின் குட்டையில் என்ன இருக்கும் என்பது பற்றி அவனுக்கு என்ன கவலை? ஊராருக்கோ அடுத்த வருஷமும் அதே குட்டையில்தான் சோறு.

இதில் இன்னோர் அக்கிரமமும் உண்டு. குத்தகைதாரன் நல்ல விலைக்குப் போகும் பெரிய கெண்டையை வாங்கிவிட்டு வளர்க்கப் பார்க்கிறான். அதற்கு முன் குட்டையைச் ‘சுத்தம்’ செய்கிறான். எப்படி? இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றி, இருக்கிற மீனையெல்லாம் கொல்கிறான். வெள்ளம் கொண்டுவந்த சிறு மீனுக்கு அவனுடைய பாஷையில் ‘களைமீன்’ என்று பெயர். சுண்டுவிரல் நீளமுள்ள அந்தச் சிறு மீனைத்தான் கூலிக்காரன் தலையோடும் முள்ளோடும் குழம்பு வைத்துத் தின்கிறான். கங்கைச் சமவெளியில் ‘மோலா’ என்றொரு பொடி மீன் இருக்கிறது. கண்பார்வைக்கு வேண்டிய ஏ வைட்டமினும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதில் நிறைந்திருப்பதாக வங்கதேசத்தில் செய்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஏழைப் பிள்ளையின் கண்ணுக்கு மருந்து, முதலாளியின் கணக்கில் களை! பணக்காரன் தட்டுக்குப் போவது மீன், ஏழை சட்டிக்குப் போவது களையா? இந்தப் பெயரை வைத்தவன் நாக்கில் வர்க்கம் பேசுகிறது.

ஜனங்களுக்குப் பாதுகாக்கத் தெரியாது என்பதும் புளுகே. வங்கதேசத்தில் ஸ்ரீமங்கல் பக்கம் ஹைல் ஹவோர் என்ற பெரிய தாழ்நிலம் இருக்கிறது. அதில் பைக்கா பில் என்ற பகுதியில் சுமார் 100 ஹெக்டேரை 2003-ல் மீன்களின் நிரந்தரப் புகலிடமாக ஒதுக்கினார்கள். உள்ளூர் ஜனங்களின் சங்கமே அதைக் காவல் காக்கும் பொறுப்பை ஏற்றது. வடியும் காலத்தில் அந்த மடுவில் யாரும் வலை போடுவதில்லை. அடுத்த வெள்ளத்தில் அங்கிருந்து கிளம்பும் மீன் சுற்றுப்புறமெல்லாம் பரவுகிறது. சுற்றியுள்ள நீரில் மீன் பெருகிற்று. காணாமற்போன சில வகைகளும் திரும்பி வந்தன. அங்கே மீனைக் காத்தது ஏலக்காரனின் தடியா, ஊராரின் கட்டுப்பாடா?

கரை கட்டினான், மீனை அடைத்தான்

"வெள்ளமே வேண்டாம், கரை கட்டினால் தீர்ந்தது" என்பது அடுத்த வாதம். இது கண்டிராக்டரின் வாதம்.

1954-ல் பீகாரில் ஆற்றோரக் கரைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வெள்ள அபாயமுள்ள நிலம் 25 லட்சம் ஹெக்டேர். நாற்பது வருஷம் கரை கட்டினார்கள். கரைகளின் நீளம் 3,400 கிலோமீட்டரைத் தாண்டிற்று. வெள்ள அபாயமுள்ள நிலம் குறைந்ததா? 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏறிற்று! கரை நீண்டது, வெள்ளமும் நீண்டது, கண்டிராக்டரின் மாடி வீடு உயர்ந்தது.

ஏன் இப்படி? கோசி போன்ற ஆறு இமயமலையிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. முன்பு அந்த வண்டலை வயல்களில் பரப்பிற்று. இரண்டு கரைக்குள் அடைத்ததும் மண் ஆற்றுக்குள்ளேயே படிகிறது. ஆற்றுப் படுகை உயர்கிறது. ஒருநாள் கரை பிளக்கிறது. 2008 ஆகஸ்ட் 18-ந் தேதி நேபாளத்துக் குசஹாவில் கோசிக் கரை உடைந்தது. பீகாரில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் பாதிக்கப்பட்டார்கள்.

மீன் கதைக்கு வருவோம். கரைக்கு வெளியே மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்குகிறது. பயிர் அழுகுகிறது, கொசு பெருகுகிறது. ஆனால் ஆற்று மீன் முட்டையிட அந்த நிலத்துக்கு வர முடியாது, கரை மறிக்கிறது. தப்பித்தவறி வந்த மீன் வடியும் காலத்தில் ஆற்றுக்குத் திரும்பவும் முடியாது. முன்பு வெள்ளம் வந்தால் நஷ்டமும் இருந்தது, மீனும் இருந்தது. இப்போது தண்ணீர் மட்டும் மிஞ்சிற்று.

1975-ல் திறந்த ஃபரக்கா அணைக்கட்டும் இதே கைங்கரியத்தைச் செய்தது. கடலிலிருந்து கங்கையில் ஏறி அலகாபாத் வரை போன ஹில்சா என்ற உல்லம் மீனின் வழி அடைபட்டது. மேலே பீகாரின் மீனவர் வலையில் ஹில்சா அரிதாயிற்று. காவிரியில் 1934-ல் கட்டிய மேட்டூர் அணையும் உல்லத்தின் பாதையை மறித்தது என்பதை நம் ஊர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். அணையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாசனம் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆனால் திட்டம் போட்டவர்களின் மேஜையில் நெல்லுக்குக் கணக்கு இருந்தது, கரும்புக்குக் கணக்கு இருந்தது. ஏழையின் மீனுக்குக் கணக்கே இல்லை. பறிகொடுத்த மீனுக்கு நஷ்டஈடு கேட்க எந்தப் பாரத்திலும் ஒரு கட்டம் இல்லை!

நமக்கென்ன?

நம் ஊருக்கு வருவோம். ஏரியும் கண்மாயும் வற்றும் காலத்தில் ‘மீன்பாசி ஏலம்’ என்ற தண்டோரா உங்கள் காதில் விழாததா? மடை திறந்து மண்வெட்டி பிடித்தவன் ஒருவன்; ஏலம் எடுத்து லாரி கொண்டுவருபவன் இன்னொருவன்.

ஆனால் இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக இறங்குகிறார்கள். அகப்பட்டது அவரவருக்கு. அன்று ஊரெல்லாம் மீன் குழம்பு மணக்கிறது. வற்றும் தண்ணீரின் மீன் பொதுச் சொத்து என்ற எண்ணம் நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறியது. எந்தப் புத்தகத்திலிருந்தும் கடன் வாங்கியதல்ல. ஒருநாள் திருவிழாவாகச் சுருங்கிவிட்ட அந்த உரிமை பருவம் முழுவதற்கும் ஏன் இருக்கக்கூடாது?

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, "குட்டை மீனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கிராமத்தில் சும்மா கிடைத்த ஒவ்வொரு பிடி உணவும் கூலிக்காரனுடைய முதுகெலும்பு. அடுப்பில் மீன் கொதித்தால் மேஸ்திரி நீட்டும் அட்வான்ஸை அவன் ஒரு வாரம் மறுக்கலாம். "கூலியை உயர்த்து, வருகிறேன்" என்று சொல்லலாம். குட்டையை ஏலம் போட்டால் அவன் மறுவாரமே ரயிலேறி, கிடைத்த கூலிக்கு உங்கள் ஆலை வாசலில் வந்து நிற்கிறான். அவனைக் காட்டி முதலாளி உங்கள் கூலியை வெட்டுகிறான். உங்கள் கோபத்தை அந்தப் பீகார்த் தோழர் மேல் திருப்பிவிடப் பார்க்கிறான். ஏமாறாதீர்கள்! அவரைத் துரத்தியது எது என்று கேளுங்கள். அவருடைய ஊர்க் குட்டையில் தடியோடு நின்றவனும் உங்கள் சம்பளக் கவரில் கை வைப்பவனும் ஒரே ஜாதி, பணப்பெட்டி ஜாதி.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்:

1. வெள்ளம் வடிந்த பள்ளத்திலும் பொதுக் குளத்திலும் ஏரியிலும், தூண்டிலும் கூடையும் கைவலையும் கொண்டு வீட்டுச் சமையலுக்கு மீன் பிடிப்பது ஏழையின் உரிமை என்று சட்டத்தில் எழுது!

2. அதிகப் பணம் கட்டுபவனுக்கே குத்தகை என்ற ஏல முறையை ஒழி! வலை பிடித்து உழைப்பவர்களின் உண்மையான சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகை கொடு. முன்பணத்துக்குச் சர்க்காரே கடன் கொடு!

3. வெள்ளம் கொண்டுவந்த சிறு மீனைக் ‘களை’ என்று சொல்லி விஷம் போட்டுக் கொல்வதைத் தடை செய்!

4. கரைகளில் மதகு வை. தூர்ந்த ஓடைகளை வெட்டு. மீன் வயலுக்கு வரவும் ஆற்றுக்குத் திரும்பவும் வழி விடு!

5. ஒவ்வொரு பெரிய நீர்நிலையிலும் வற்றாத ஒரு மடுவை விதை மீனுக்கென ஒதுக்கு. காவல் பொறுப்பை ஊராரிடம் கொடு!

இவற்றில் எதற்கும் கஜானா காலியாகாது. காலியாவது ஏலக்காரனுடைய மடி மட்டுமே. அதனால்தான் இத்தனை தயக்கம், இத்தனை சப்பைக்கட்டு!

வெள்ளத்தை நாம் அழைக்கவில்லை. வந்தால் முதலில் நம் குடிசைதான் போகிறது. நம் பிள்ளைதான் காய்ச்சலில் கிடக்கிறது. அடித்துப்போனதற்கு யாரும் ஈடு கொடுக்காத உலகத்தில், அது விட்டுப்போன மீனையாவது தொடாதே என்று சொல்ல எவனுக்கு உரிமை? கஹல்காவ் மீனவர்கள் இந்தக் கேள்வியை ஒன்பது வருஷம் கேட்டார்கள். கங்கையின் எஜமான்கள் இறங்கி ஓடினார்கள். அதே கேள்வியை ஒவ்வொரு குட்டையின் கரையிலும் கேட்போம். சேற்றில் இறங்குபவனுக்கே மீன்!